மூன்று சாஃப்ட்வேரும் ஒரு பச்சை கிரேட்டும்

எங்கள் தொழிலில் ஒரு நியாயம் உண்டு: நம்பர் நன்றாக இருந்தால் அதை உற்பத்தி செய்தவருக்குப் பாராட்டு, மோசமாக இருந்தால் அதை டைப் அடித்தவருக்குத் திட்டு.

பெங்களூர் பீன்யாவில், தண்ணீர் பம்புகளுக்கு வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடமாக இந்த நியாயத்தை அனுபவித்து வருகிறேன். காலையில் நீலசந்திராவில் பஸ் ஏறி, சிவாஜிநகரில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்கு முண்டியடித்து, பாதி வழி ஒற்றைக் காலில் நின்று ஆபீஸ் வந்து சேர்வேன். அதற்குள் ஒவ்வொரு செக்ஷன் சூப்பர்வைசரும் முந்தின நாள் நோட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருப்பார். படத்தில் பாதி நோட்டு இருக்கும், பாதி அவர் கட்டைவிரல் இருக்கும். அதைப் பார்த்து எக்ஸெல்லில் ஏற்றிப் பத்து மணிக்குள் மாடிக்கு அனுப்ப வேண்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்று ஒரே ஃபைலுக்கு மூன்று பெயர் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம். போன வருடம் இந்தத் தலைவலியோடு இன்னொன்றும் சேர்ந்தது. மூன்று ரிப்போர்ட்டிங் சாஃப்ட்வேர்களை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஏழு மாதம் பிடித்தது. என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது குறையட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் டிவி

எங்கள் எம்.டி. ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தார். அங்கே ஒரு ஸ்டாலில் பெரிய திரையில் வட்டம், கோடு, பச்சை, சிவப்பு என்று ஒரு தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மூன்று கம்பெனிகளின் விசிட்டிங் கார்டை மேஜைமேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்தார்.

நான் பொறுப்பான பெண்ணாகக் கேள்வி கேட்டேன். நமக்கு என்ன ரிப்போர்ட் வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள், எதை முடிவு செய்யப் போகிறோம், இதையெல்லாம் முதலில் எழுதிக்கொள்ளலாமா சார் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணாடி ரூமை நோக்கிக் கை காட்டினார். அங்கே இரண்டு பேர் ஏணிமேல் நின்று, கட்டில் அகலத்துக்கு ஒரு டிவியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எம்.டி. சொன்னார்: "டிவி வாங்கியாச்சு ஸ்டெல்லா. அதுல நல்லா தெரியற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் பாரு."

சைக்கிள் கடை

முதல் கம்பெனிக்காரர்கள் டெமோ காட்ட வந்தார்கள். இந்த டெமோக்களில் எப்போதும் நம்முடைய கணக்கைக் காட்ட மாட்டார்கள். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு சைக்கிள் கடையின் கணக்கைத்தான் காட்டுவார்கள். அந்தக் கடையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு வாடிக்கையாளர் பெயர்கூட இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்காது. எங்கள் கணக்கில் ஒரே வாடிக்கையாளர் ஏழு பெயரில் இருக்கிறார், அதில் இரண்டு பெயரில் அவர் பாக்கி வைத்திருக்கிறார்.

எங்கள் பிளான்ட் மேனேஜர் நாகராஜ் சார் கன்னடக்காரர், முப்பது வருடமாகத் தமிழர்களை வேலை வாங்கியே தமிழ் கற்றவர். வேறெந்த மீட்டிங்கிலும் பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுபவர், இந்த சைக்கிள் கடைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. நீலக் கலர் சைக்கிள் ஏன் குளிர்காலத்தில் போகவில்லை, வடக்குக் கிளை மேனேஜர் என்ன செய்துகொண்டிருக்கிறார், ஹெல்மெட்டில் ஏன் லாபம் அதிகம் என்று ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். நாங்கள் விற்கும் வால்வைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. டெமோ முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"நோடும்மா, இங்க பாரு, அந்த வடக்குக் கிளைக்காரனை மாத்தலேன்னா அந்தக் கடை உருப்படாது," என்றார்.

நாற்பத்திரண்டு வரிசை

ஒப்பிட வேண்டுமானால் அட்டவணை வேண்டும். மேலே மூன்று கம்பெனி, பக்கவாட்டில் வசதிகள், ஒவ்வொரு வசதிக்கும் பத்துக்கு இத்தனை மார்க். நான் பன்னிரண்டு வசதிகளோடு ஆரம்பித்தேன். எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு மெயில் அனுப்பி அபிப்பிராயம் கேட்டது என் தப்பு. ஊழியர் பிறந்தநாளை அது ஞாபகப்படுத்த வேண்டும் என்றார் எச்.ஆர். ஸ்டோர்ஸில் எறும்புத் தொல்லையைப் பதிவு செய்ய இடம் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் விளையாட்டாக எழுதவில்லை, விசாரித்துவிட்டேன். கடைசியில் நாற்பத்திரண்டு வரிசை ஆயிற்று.

அதில் ஒரு வரிசை என் சொந்த ஆசை. மெஷினில் ஒரு கவுண்டரை மாட்டி, அது எண்ணுவதை நேராக சாஃப்ட்வேருக்குள் கொண்டுவரும் வசதி. நோட்டும் கட்டைவிரலும் இல்லாத ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்த்து, அந்த வரிசைக்குப் பத்துக்குப் பத்து முக்கியத்துவம் போட்டேன். இந்தப் பத்தை மறந்துவிடாதீர்கள். என்னை அது பிறகு பாடாய்ப் படுத்தியது.

மூன்று கம்பெனியிடமும் நாற்பத்திரண்டு கேள்வியும் கேட்டேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் "இருக்கு மேடம்" என்றார்கள். எறும்புக்குக்கூட. எங்கே காட்டுங்கள் என்று இரண்டாவது கம்பெனிப் பையனிடம் பிடிவாதமாக நின்றேன். அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"'இல்லை'ன்னு மட்டும் போட்டுடாதீங்க மேடம், 'வருது'ன்னு போடுங்க."

நேர்கோடு

சைக்கிள் கடை போதும், எங்கள் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள் என்று மூவரிடமும் ஆறு மாத விவரத்தைக் கொடுத்தேன். முதலில் காட்டியவர் இரண்டாவது கம்பெனிக்காரர். மெஷின் ஷாப்புக்குக் கோடு மேலும் கீழும் போயிற்று. பெயின்ட் செக்ஷனும் அப்படியே. அசெம்ப்ளி செக்ஷன் வந்தபோது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேர்கோடு. 480, 481, 479, 480, 480. மழை பெய்த நாளும் 480. கரண்ட் போன நாளும் 480. ஊரெல்லாம் பந்த் என்று ஆள் குறைந்த நாளில் 479.

ஆறு வருடமாக இந்த எண்களை ஒவ்வொன்றாக டைப் அடித்தவள் நான். ஒருநாள்கூட எனக்கு இது உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தினம் ஒரு எண்ணாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. என் கை டைப் அடித்தது, என் மூளை அடுத்த பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

விற்க வந்தவர் என் பக்கம் குனிந்து, நாகராஜ் சாருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஒரிஜினல் டேட்டா குடுங்க மேடம், பயப்படாதீங்க. இது நீங்களே உக்காந்து அடிச்சது மாதிரி இருக்கு."

செத்த மெஷின்

மூன்றாவது கம்பெனியின் சாஃப்ட்வேர் புத்திசாலி. நாம் கேட்காமலே அதுவாக யோசித்து, எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்லும் என்றார்கள். எங்கள் ஆறு மாதக் கணக்கையும் விழுங்கி, கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு அசெம்ப்ளி செக்ஷனில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது. பக்கத்திலேயே அதன் தீர்ப்பும் வந்தது. இங்கே எண்ணும் கருவி பழுதடைந்து ஒரே எண்ணில் நின்றுவிட்டது, பெரும்பாலும் இங்கே எதுவும் ஓடவில்லை, ஆளை அனுப்பிப் பார்க்கவும்.

அங்கே பன்னிரண்டு பெண்கள் தினமும் எட்டு மணி நேரம் கை ஓயாமல் வேலை செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கூடவே, அந்த நேர்கோட்டில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகமும். நாகராஜ் சாருக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஆய்த்து, கம்ப்யூட்டரே தோத்துப்போச்சு. நம்ம டிசிப்ளின் அதுக்குப் புரியல."

பச்சை கிரேட்

மறுநாள் மதியம் அசெம்ப்ளி செக்ஷனுக்குப் போனேன். அதன் சூப்பர்வைசர் கலா அக்கா. லக்கரேயிலிருந்து நடந்தே வருபவர், பத்தொன்பது வருட சர்வீஸ். அந்த நேர்கோட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் கடைசி மேஜைக்குக் கீழே இருந்த சாக்கை விலக்கினார். மார்க்கெட்டில் தக்காளி வருமே, அந்த மாதிரி ஒரு பச்சை பிளாஸ்டிக் கிரேட். அதில் வரிசையாக முடித்துவைத்த வால்வுகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு நாளில் 470க்குக் கீழே போனால் அந்த நாளுக்குச் சிவப்பு. மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் காண்ட்ராக்ட் ஆட்களில் கடைசியாகச் சேர்ந்தவரை நிறுத்துவார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். பிரேக்கில் போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சரி, ஒரு நாள் 520 செய்து காட்டினாலாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. ஒரு தடவை ஆயுத பூஜை லீவுக்கு முன்னால் பாய்ந்து பாய்ந்து வேலை செய்து 530 கொடுத்தார்களாம். அடுத்த வாரமே 450ஆக இருந்த டார்கெட்டை 480 ஆக்கிவிட்டார் நாகராஜ் சார். அன்றிலிருந்து கலா அக்கா, நல்ல நாளில் கூடுதலாகச் செய்ததை கிரேட்டில் போடுவார், மோசமான நாளில் அதிலிருந்து எடுத்துச் சேர்ப்பார். ஒரு வால்வும் வீட்டுக்குப் போகவில்லை, இல்லாத வால்வு எதுவும் எழுதப்படவும் இல்லை. எல்லாம் இரண்டு மூன்று நாள் தள்ளிக் கணக்கில் வந்துவிடும். அவ்வளவுதான்.

இப்போது கடைசியாகச் சேர்ந்தவர் பாக்யா. அவர் புருஷனுக்கு விபத்தில் கால் போய், வீட்டில் இவர் சம்பளம் மட்டும்தான். என் அட்டவணையில் கவுண்டர் வரிசைக்கு நான் போட்டிருக்கும் பத்து மார்க் அப்போது ஞாபகம் வந்தது. அக்கா, அப்படி ஒரு மெஷின் வந்தால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சாக்கை மறுபடி இழுத்து மூடினார்.

"நீ மேல எத வேணா வாங்கிக்கோ ஸ்டெல்லா. ஆனா நல்ல நாளும் கெட்ட நாளும் எல்லாருக்கும் வரும்னு தெரிஞ்ச ஒண்ணா பாத்து வாங்கு."

யார் போட்ட மார்க்

மேலே வந்ததும் நேராக அட்டவணையைத் திறந்தேன். கவுண்டரை மாட்டும் வசதி நன்றாக இருந்தது இரண்டாவது கம்பெனியில்தான். முதல் கம்பெனியில் எல்லாம் கையால்தான் ஏற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் அதைக் கேவலமாகப் பேசியவள் நான். இப்போது அதை ஜெயிக்க வைக்க வேண்டும். பத்தை ஆறாக்கினேன், இரண்டாவதே ஜெயித்தது. மூன்றாக்கினேன், அப்போதும் அதுதான். பிறந்தநாளுக்கு ஒன்பது போட்டேன், எறும்புக்கு எட்டு போட்டேன். நான் எழுதிய ஃபார்முலா என் பேச்சைக் கேட்க மறுத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கம்பெனி லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் எம்.டி.யிடம் போய், கவுண்டர் எல்லாம் நமக்கு ஒத்து வராது சார், தூசி அதிகம், கரண்ட் சரியில்லை, முதல் கம்பெனியையே வாங்கலாம் என்றேன். கிரேட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் கலா அக்காவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். எம்.டி. தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். நான் முதலில் அனுப்பிய அட்டவணை, பழைய பத்து மார்க்கோடு, 'ஃபைனல்' என்ற பெயரில் அவர் திரையில் திறந்தது.

"போன வாரம் ஒரு ஸ்டெல்லா பத்துக்குப் பத்து போட்டிருக்கா, இந்த வாரம் ஒரு ஸ்டெல்லா வேண்டாங்கறா. நான் எந்த ஸ்டெல்லா சொல்றதக் கேக்கணும்?"

எக்ஸெல் பட்டன்

இரண்டாவது கம்பெனி வந்து இறங்கியது. அசெம்ப்ளியில் வால்வுக்கு மூடி அழுத்தும் பிரஸ்ஸில் ஒரு கவுண்டர் மாட்டினார்கள். பிரஸ் இறங்கினால் ஒன்று. ஏமாற்ற வழியே இல்லை. நான் பக்கத்தில் நின்று, அது எங்காவது தப்பாக எண்ணாதா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். இந்த ஏழு மாதத்தில் சொன்னபடி வேலை செய்த ஒரே சாமான் அதுதான்.

பிறகு மூன்று நாள் பயிற்சி. ஒரு அம்மணி வந்திருந்தார், பாவம், நல்ல மாதிரி. எந்தக் கோட்டைத் தொட்டால் எந்தக் கோடு விரியும், வட்டத்தை எப்படிக் கம்பமாக்குவது, கம்பத்தை எப்படிக் கலர் மாற்றுவது என்று தொண்டை வற்றச் சொன்னார். எங்கள் ஆட்கள் சர்ச்சில் பிரசங்கம் கேட்பது போல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாள், யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், மூன்று டிபார்ட்மென்ட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கை எழுந்தது. அந்த அம்மணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் எழுந்து எல்லோர் சார்பிலும் கேட்டார்.

"எல்லாம் சூப்பர் மேடம். இத எக்ஸெல்லுக்கு எடுக்கற பட்டன் எங்க இருக்கு?"

மூன்று சிவப்பு

கண்ணாடி ரூம் டிவியில் அசெம்ப்ளி செக்ஷன் ஓட ஆரம்பித்தது. முதல் நாள் 512. இரண்டாம் நாள் 447, சிவப்பு. பிறகு 498, 505, 461, சிவப்பு. நான் தினமும் காலையில் அந்த ரூமைக் கடக்கும்போது தலையைத் திருப்பாமல் போகப் பார்ப்பேன். முடியாது, கட்டில் அகல டிவி. ஒன்பதாம் நாள் 452 விழுந்தது. மூன்றாவது சிவப்பு.

அன்று மதியமே எச்.ஆரிலிருந்து பாக்யா பெயர் போட்டு மெயில் வந்துவிட்டது, சனிக்கிழமையோடு பிரேக். அதற்கு ஆதாரமாக என் ரிப்போர்ட்டையே இணைத்திருந்தார்கள். டிபன் பாக்ஸைப் பாதியில் மூடினேன். பாக்யா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கைகழுவும் இடத்தில் பார்த்தபோது எப்போதும் போலச் சிரித்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எம்.டி.க்கோ வேறு கவலை. ஆறு மாதம் நேர்கோடாக இருந்த செக்ஷன், சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து ஆட்டம் கண்டுவிட்டதே என்று வெள்ளிக்கிழமை மீட்டிங் போட்டார். கம்பெனிக்காரர்களையும் வரச் சொன்னார், கலா அக்காவையும் வரச் சொன்னார்.

மீட்டிங்குக்கு அழைத்த மெயிலில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "கெட்டுப்போனது கவுண்டரா, கலாவா என்று தெரிந்தாக வேண்டும்."

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒரு கணக்கு எடுத்தேன். நாள் கணக்கு இல்லை. அசெம்ப்ளியிலிருந்து லாரியில் ஏறியது வாரத்துக்கு எத்தனை என்ற கணக்கு. முந்தின ஆறு மாதத்தின் வாரங்கள் ஒரு பக்கம், கவுண்டர் வந்த பிறகான இரண்டு வாரம் இன்னொரு பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு மாதத்தில் நான் செய்த உருப்படியான ஒப்பீடு இது ஒன்றுதான்.

மீட்டிங்கில் அதைக் காட்டினேன். உற்பத்தி குறையவில்லை சார், முன்பும் இப்படித்தான் ஏறி இறங்கியது, நோட்டில் சமப்படுத்தி எழுதினார்கள் என்றேன். யார் எழுதினார்கள் என்று எம்.டி. கேட்கும்முன் கலா அக்கா எழுந்துவிட்டார். கிரேட்டைச் சொன்னார், 530ஐச் சொன்னார், மூன்று சிவப்பைச் சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை.

கம்பெனிக்காரர்தான் வாயைத் திறந்தார். அவருக்குத் தன் சாஃப்ட்வேர்மேல் பழி வராமல் இருந்தால் போதும். நாள் கணக்குக்குப் பதில் வார சராசரியைக் காட்டும் வசதி இதிலேயே இருக்கிறது சார் என்று சொல்லி ஒரு பட்டனைத் தட்டினார். டிவியில் மலையும் பள்ளமுமாக இருந்த கோடு மெதுவாகப் படிந்து, 480க்குப் பக்கத்தில் நேராக நின்றது. சிவப்பெல்லாம் போய்விட்டது. எம்.டி. முகத்தில் நிம்மதி வந்தது. இனி வாரக் கணக்குத்தான், நாளுக்குச் சிவப்பு கிடையாது, பாக்யாவின் பிரேக்கை ரத்து செய்யுங்கள் என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் டிவியைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டே கம்பெனிக்காரரிடம் சொன்னார்: "இந்த வசதிய முதல்லயே காட்டியிருந்தா, அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

மெமோ

திங்கட்கிழமை எச்.ஆர். கலா அக்காவுக்கு ஒரு மெமோ அடித்தது. உற்பத்தி நோட்டில் பல வருடங்களாக உண்மைக்குப் புறம்பான எண்களை எழுதியதற்கு விளக்கம் கேட்டு, சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து மூன்று மாதம் விலக்கி வைப்பதாக. இணைப்பாக அந்த நோட்டின் பக்கங்கள் வேண்டுமாம். கட்டைவிரல் இல்லாத பக்கங்களாகப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டியது நான். எம்.டி.யிடம் போய்ப் பேசினேன், நாகராஜ் சாரிடமும் பேசினேன். பாக்யாவுக்குத்தான் செய்துவிட்டோமே, ரூல் என்று ஒன்று வேண்டாமா என்றார்கள். அடுத்த வாரமே நாகராஜ் சார் அந்த நேர்கோட்டைப் படம் பிடித்து, புதிய சாஃப்ட்வேரால் உற்பத்தி சீரானது என்று தலைமை ஆபீஸுக்கு அனுப்பினார். அதற்குப் பாராட்டும் வந்தது.

மெமோவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்.ஆர். பியூனிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. மன்னிச்சிருங்க அக்கா, எல்லாம் என் பத்து மார்க்கால் வந்தது என்றேன். அவர் பிரஸ் மேஜையில் பாக்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு. நான் எழுதினா பொய்க் கணக்கு, அது எழுதினா ஆவரேஜா?"

ஏழு மாதம் மூன்று சாஃப்ட்வேர்களை நாற்பத்திரண்டு வரிசையில் ஒப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களுக்கு வேண்டியிருந்த ஒரே வசதி பல வருடமாக மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரும் விற்க வரவில்லை என்பதால் அதற்கு மார்க் போட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.